கஞ்சி, பட்டுப்பசை, பிளாஸ்டிக் – ஒரு மெல்லிய படலத்தின் வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியைச் சுற்றியுள்ள பட்டு நெசவு ஊர்களில் ஒன்று தேவிகாபுரம். பெரியநாயகி அம்மன் கோயிலும், குன்றின் மேல் இருக்கும் கனககிரீசுவரர் கோயிலும் இந்த ஊருக்கு அடையாளம். மற்றொரு அடையாளம் தறிச் சத்தம். 'ஆரணிப் பட்டு' என்ற பெயரில் கடைகளில் விற்கும் சேலைகளில் ஒரு பங்கு இந்த ஊர்த் தறிகளில் பிறந்தவை.

சேலையைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ஜரிகை, கரை, முந்தானை, சாயம் எல்லாம் பேசப்பட்டுவிட்டன. ஆனால் சேலை நெய்யும் முன்பே வேலையைத் தொடங்கிவிடும் ஒரு பொருள் உண்டு. அது அரிசிக் கஞ்சி. அந்தக் கஞ்சிக்கும், இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் மாவையும் செயற்கைப் பாலிமரையும் கலந்து உருவாக்கப்படும் 'ஆன்டிஆக்சிடன்ட்' உறைகளுக்கும் ஓர் உறவு இருக்கிறது. அந்த உறவின் கதைதான் இக்கட்டுரை.

தெருவில் நீளும் பாவு

வெயில் ஏறும் முன் தெருவில் பாவை நீட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாக நீவிக் காயவைப்பது நெசவுத் தெருக்களின் பழைய காட்சி. எதற்காக இந்த வேலை? தறியில் பாவு நூல் சும்மா இருப்பதில்லை. விழுதில் ஏறி இறங்குகிறது. அச்சு வந்து மோதும்போதெல்லாம் உரசுகிறது. ஒரு சேலை முடிவதற்குள் ஒவ்வொரு இழையும் இப்படி ஆயிரக்கணக்கான முறை உரசப்படுகிறது. வெறும் நூலாக இருந்தால் பிசிறு கிளம்பும், இழை அறும். அறுந்த இழையை முடிபோட்டு எடுப்பதற்குள் நேரம் போய்விடும். நேரம் போனால் கூலி போய்விடும்.

கஞ்சி காய்ந்ததும் நூலைச் சுற்றி ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. பிசிறை அமுக்கி, உரசலைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆக, நெசவாளர் குடும்பம் பல தலைமுறைகளாகச் செய்துவரும் வேலைகளில் ஒன்று மாவுப் படலம் தயாரிப்பது. அவர்கள் அதை அந்தப் பெயரில் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

சமையலறையிலும் இதே வேலை நடக்கிறது. கரைத்த அரிசி மாவை இலையில் மெல்லியதாகத் தேய்த்து, ஆவியில் வேகவைத்து, உரித்துக் காயப்போட்டால் இலை வடாம். ஆய்வுக்கூடத்தில் மாவுக் கரைசலைச் சூடாக்கித் தட்டில் ஊற்றி, உலர்த்தி, உரித்து எடுக்கும் முறைக்கு 'காஸ்டிங்' என்று பெயர். இரண்டிலும் நடப்பது ஒன்றே. வெந்நீரில் மாவுச்சத்துத் துகள்கள் ஊதி உடைகின்றன. உள்ளிருக்கும் அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற நீண்ட சங்கிலிகள் வெளியே வருகின்றன. நீர் வற்றும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தகடாகின்றன.

மாவின் இரண்டு குறைகள்

காய்ந்த இலை வடாமை வளைத்தால் என்ன ஆகும்? ஒடியும். தண்ணீரில் போட்டால்? ஊறிக் கொழகொழக்கும். மாவுப் படலத்தின் இரண்டு குறைகளும் இவையே. காய்ந்தால் ஒடியும், நனைந்தால் கரையும்.

நெசவாளர்கள் இரண்டையும் அறிந்திருந்தனர். ஒடியாமல் இருக்கக் கஞ்சியில் சிறிது எண்ணெய் சேர்ப்பது கைத்தறி வழக்கம். இன்றைய ஆய்வாளர்கள் இதே நோக்கத்துக்காகக் கிளிசரின் சேர்க்கிறார்கள். இரண்டாவது குறைக்கு மட்டும் மருந்து கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் பாவு காயாது, தெருவும் கிடைக்காது, வேலை நிற்கும். ஈரத்தின் முன் மாவு தோற்றுத்தான் போனது.

இந்தத் தோல்வியைச் சரிசெய்ய மாவுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. அந்தத் துணை இருபதாம் நூற்றாண்டில் வேதியியல் கூடத்திலிருந்து வந்தது.

செயற்கைத் துணை

1924-இல் ஜெர்மனியில் வில்லி ஹெர்மான், வொல்ஃப்ராம் ஹேனல் என்ற இரு வேதியியலாளர்கள் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளைத் தயாரித்தனர். சுருக்கமாக பி.வி.ஏ. பெட்ரோலியம், நிலக்கரி ஆகியவற்றின் வழியில் வரும் செயற்கைப் பாலிமர் இது. ஆனால் மற்ற பிளாஸ்டிக்குகளுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. சூடான தண்ணீரில் கரையும். மாவுச்சத்தின் சங்கிலியில் இருப்பது போலவே இதன் சங்கிலியிலும் நீரை விரும்பும் ஹைட்ராக்சில் குழுக்கள் வரிசையாக இருப்பதே காரணம். அதனால் மாவும் இதுவும் ஒரே பாத்திரத்தில் ஓரளவு சண்டையில்லாமல் கலக்கும்.

பாலியஸ்டர் கலந்த நூல் பரவியபோது, அந்த வழவழப்பான இழையில் வெறும் மாவு சரியாக ஒட்டவில்லை. ஆலைகள் மாவுச்சத்தோடு பி.வி.ஏ.வைக் கலந்து நூலுக்குக் கஞ்சி போட்டன. அரிசிக் கஞ்சி செய்த அதே வேலையை இந்தக் கலவை இன்னும் உறுதியாகச் செய்தது. தாவர மாவும் செயற்கைப் பாலிமரும் சேர்ந்த கலப்புப் படலம், பொட்டலம் கட்டும் உறையாகப் பெயர் வாங்கும் முன்பே, இப்படி நூலின் மேல் தொழில் பார்த்துவிட்டது.

பொட்டல உலகில் நடந்தது வேறு. 1933 மார்ச் மாதம் இங்கிலாந்தின் நார்த்விச்சில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் கூடத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீன் வாயுவை மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்துப் பார்த்த சோதனை ஒன்றில் எதிர்பாராமல் வெள்ளை மெழுகு போன்ற ஒரு பொருள் தங்கியது. அதுதான் பாலித்தீன். நனையாது, ஒடியாது, விலையும் குறைவு. மாவின் இரண்டு குறைகளும் இதற்கு இல்லை. ஆனால் மாவுக்கு இருந்த ஒரு நல்ல குணமும் இதற்கு இல்லை. இது மக்காது.

சேலத்துக்கு வந்த மாவு

தமிழ்நாட்டில் மாவுச்சத்து பெருந்தொழிலானதற்கு இரண்டாம் உலகப் போர் ஒரு காரணம். மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த ஜவ்வரிசி நின்றது. வெளிநாட்டு மாவுச்சத்தும் வரவில்லை. துணி ஆலைகளுக்கோ கஞ்சி வேண்டும். 1943-இல் சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் தொழிலைத் தொடங்கினர். வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்தபோது செட்டியார் அங்கே பார்த்த கிழங்கு அது. 1981-இல் உற்பத்தியாளர்களுக்காக 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சேலத்து ஆலையில் நடப்பதை ஒரு வரியில் சொல்வதென்றால், கிழங்கை அரைத்து, கழுவி, வெள்ளையானதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவது. ஒதுக்கப்படும் நார்ச் சக்கைக்கு அங்கே 'திப்பி' என்று பெயர். அது மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகிறது. மாவு எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு விலை. இந்த வெள்ளை மோகத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

நேர்மையான கலப்பும் பெயருக்குக் கலப்பும்

பாலித்தீன் குப்பை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய 1970-களில் மாவின் பக்கம் மீண்டும் பார்வை திரும்பியது. இங்கிலாந்தின் புரூனல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் கிரிஃபின் மாவுச்சத்துத் துகள்களை அப்படியே பாலித்தீனில் தூவிக் கலந்தார். அமெரிக்காவின் பியோரியா நகரில் வேளாண் துறை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் ஓட்டே, மாவுச்சத்தை வேகவைத்து பி.வி.ஏ. போன்ற பாலிமர்களோடு ஒன்றாக்கிப் படலம் இழுத்தார். வயலில் மண்ணை மூடும் விரிப்பாக அது பயன்பட வேண்டும் என்பது எண்ணம்.

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதல் முறையில் மாவு வெறும் நிரப்புப் பொருள். செங்கற் சுவரில் அங்கங்கே வெல்லக் கட்டி வைத்தது போல. நுண்ணுயிர்கள் வெல்லத்தைத் தின்றுவிடும், சுவர் ஓட்டை விழும், ஒருநாள் நொறுங்கும். ஆனால் செங்கல் செங்கல்லாகவே கிடக்கும். பை மறைந்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் அது துண்டுகளாகி மண்ணில் கலந்திருக்கும். இரண்டாவது முறையில் சுவரின் காரையே மாவு. துணையாகச் சேர்க்கும் பாலிமரும் மக்கக்கூடியதாக இருந்தால் முழுச் சுவரும் மண்ணாகும்.

வியாபாரம் எளிதான வழியைப் பிடித்துக்கொண்டது. 1980-களின் கடைசியில் அமெரிக்கச் சந்தையில் 'மக்கும்' என்று அச்சிட்ட பைகள் குவிந்தன. 1990-இல் ஏழு மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள், 'ஹெஃப்டி' குப்பைப் பைகளின் இந்த விளம்பரத்துக்காக மொபில் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டே நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. ஒரு சொல்லை அச்சிடுவதற்கும் அதை நிரூபிப்பதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

இந்தியாவும் இந்தப் பாதையில் நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், மரவள்ளி மாவுச்சத்தைப் பாலித்தீன் வகைகளோடு கலந்து படலம் தயாரிக்கும் முறையை உருவாக்கியது. கிழங்கு விவசாயிக்குப் புதிய சந்தை என்ற அளவில் அது நல்ல எண்ணமே. ஆனால் துணை பாலித்தீனாக இருக்கும்வரை 'சுவரும் வெல்லமும்' சிக்கல் தீராது.

தீர்வு துணையை மாற்றுவதில் இருந்தது. இத்தாலியில் கேட்டியா பாஸ்டியோலி தலைமையில் வளர்ந்த நோவாமோன்ட் நிறுவனம், மாவுச்சத்தை மக்கக்கூடிய பாலிமர்களோடு கலந்து 'மேட்டர்-பி' என்ற பொருளை 1990-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 'ஈகோஃப்ளெக்ஸ்' என்ற பாலிமரை வெளியிட்டது. இதன் வேதிப்பெயர்ச் சுருக்கம் பி.பி.ஏ.டி. பிறப்பு பெட்ரோலியத்தில், ஆனாலும் உரமாக்கும் கூடத்தில் நுண்ணுயிர்களுக்கு இரையாகும். செயற்கை என்றாலே மக்காது என்ற எண்ணத்தை இது மாற்றியது. எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி, எங்கே போய் முடியும் என்பது வேறு கேள்வி.

இதில் பி.வி.ஏ.வுக்கு ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டும். கரைவது வேறு, மக்குவது வேறு. பி.வி.ஏ.வைத் தின்னப் பழகிய நுண்ணுயிர்கள் உள்ள கழிவுநீர் நிலையத்தில் அது சிதையும். சாதாரண மண்ணில் மிக மெதுவாகத்தான் சிதையும். தண்ணீரில் காணாமல் போவதால் மட்டும் அதை நல்லபிள்ளை என்று சொல்லிவிட முடியாது.

மாவுச்சத்தா, மாவா?

இனி வெள்ளை மோகத்துக்கு வருவோம். 2000 வரையிலான இந்தக் கதையில் பெரும்பாலும் எல்லோரும் பயன்படுத்தியது சுத்திகரித்த மாவுச்சத்து. அதாவது புரதம், கொழுப்பு, நார், நிறம் எல்லாவற்றையும் கழுவி நீக்கிய வெள்ளைப் பொடி. பிரேசிலின் காம்பினாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களில் வேறு கேள்வி கேட்டனர். ஏன் கழுவ வேண்டும்? தண்டுக்கீரை இனத்து விதையின் முழு மாவிலிருந்தே அவர்கள் படலம் தயாரித்தனர். மாவில் இயற்கையாகவே இருந்த கொழுப்பு, நீராவி ஊடுருவுவதைக் குறைத்தது. புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து படலத்தைப் பிடித்துக்கொண்டன. கழுவும் செலவும் கழிவுநீரும் மிச்சம்.

இதோடு இன்னொரு லாபமும் வந்தது. அதுதான் ஆன்டிஆக்சிடன்ட்.

முறுக்கு, மிக்சர், வேர்க்கடலை மிட்டாய் எதுவாக இருந்தாலும் சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைத் தாக்கி, ஒரு மூலக்கூறு அடுத்ததைக் கெடுக்க, அது அடுத்ததைக் கெடுக்க என்று சங்கிலியாக நடக்கும் வினை அது. இந்தச் சங்கிலியை இடையில் அறுப்பதே ஆன்டிஆக்சிடன்டின் வேலை. அமெரிக்காவில் காலை உணவுத் தானியப் பெட்டிகளின் உள் உறையில் பி.எச்.டி. என்ற செயற்கை ஆன்டிஆக்சிடன்டைச் சேர்த்தார்கள். உறையிலிருந்து மெல்லக் கசிந்து உணவைக் காக்கும் உத்தி அது. உறை வெறும் சட்டையாக இல்லாமல் காவல்காரனாகவும் வேலை பார்த்தது.

தாவரங்களில் இந்தக் காவல்காரர்கள் இயற்கையாகவே உண்டு. பாலிபீனால்கள் என்று பெயர். எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் தோலிலும் உமியை அடுத்த உறையிலும். மைசூரில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் கேழ்வரகை ஆராய்ந்தவர்கள், அதன் பாலிபீனால்கள் விதையின் மேலுறையில்தான் குவிந்திருக்கின்றன என்று கண்டார்கள். கருப்புக் கவுனி அரிசியின் கருமைக்குக் காரணமான ஆந்தோசயனின் இருப்பதும் மேல் தவிட்டில்தான். வெள்ளைக்காக எதைத் தள்ளினோமோ அதில்தான் காவல் இருந்தது.

ஒரு படலத்துக்கு இந்தச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நெசவூர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் படலத் துண்டைப் போட்டு வைக்கிறார்கள். ஆன்டிஆக்சிடன்ட் வெளியே வந்தால் ஊதா மெல்ல வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சக்தி. 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் விவரித்த இந்த முறை இன்றும் வழக்கில் உள்ளது.

எல்லாம் இனிப்பான செய்தியல்ல. முழு மாவில் செய்த படலம் பளபளப்பாக இருக்காது, பழுப்பாக இருக்கும். நார்த் துகள் இருக்கும் இடத்தில் கிழியும். ஆலையில் பாலிமரோடு சூட்டில் உருக்கி ஊதும்போது பாலிபீனால்களில் ஒரு பகுதி அழியும். வெளியே வரவேண்டிய வேகத்தில் வராமல் படலத்துக்குள்ளேயே சிறைப்படவும் கூடும். மாவை அதிகரித்தால் காவல் கூடும், உறுதி குறையும். பாலிமரை அதிகரித்தால் உறுதி கூடும், விலையும் கூடும். இந்தத் தராசைச் சமன் செய்வதுதான் இந்த ஆய்வுகளின் முழு வேலையும்.

சாயப்பட்டறையில் ஓடும் பசை

தேவிகாபுரம் போன்ற ஊர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் இருக்கிறது. கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை நீக்கிய பிறகே சாயம் ஏற்றுகிறார்கள். அந்தப் பசையின் பெயர் செரிசின். கச்சாப் பட்டின் எடையில் சுமார் கால் பங்கு வரும். மினுமினுப்பான பட்டு வேண்டுமென்றால் இது போயாக வேண்டும். போகிறது, சாக்கடையோடு.

1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தச் செரிசினுக்குக் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தி இருப்பதைக் காட்டினர். செரிசின் மட்டும் தனியே படலமானால் இலை வடாம் போல ஒடிந்துவிடும். பி.வி.ஏ.வோடு கலந்தால் வளையும். பிறகு உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இந்தக் கலவையை முயன்று பார்த்திருக்கின்றன. நூலிலிருந்து ஒரு பசையைக் கழுவி எறிந்துவிட்டு, அதே நூலுக்குக் கஞ்சி என்ற இன்னொரு பசையைப் பூசும் பட்டு நெசவில், எறியப்படும் பசைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

வணிகவியல் வகுப்பில் இதற்குப் பாடமே உண்டு. ஆலையிலிருந்து வெளியேறும் ஒரு பொருளுக்கு வாங்குபவர் இருந்தால் அது துணைப்பொருள், இல்லையென்றால் கழிவு. பொருள் மாறவில்லை, கணக்கில் அது உட்காரும் இடம்தான் மாறுகிறது. துணைப்பொருளானால் அடக்கவிலை குறையும். கழிவானால் அதை அகற்றும் செலவு சேரும். திப்பியும் தவிடும் தீவனமாகவாவது விலை பெற்றுவிட்டன. செரிசினுக்கு நெசவு ஊர்களில் இன்னும் அந்த வாய்ப்புக்கூட வரவில்லை.

சட்டம் வந்த பிறகு

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் குறிப்பிட்ட பொருட்களுக்குத் தடை வந்தது. கடைக்காரர்கள் மாற்றுப் பொருள் தேடினார்கள். தேடும் இடத்தில் ஏமாற்றும் நுழையும். 'பயோ', 'ஈகோ', 'மக்கும்' என்ற சொற்கள் அச்சாகின. 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, உரமாகக்கூடிய பை தயாரிப்பவர் அதை விற்கும் முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைப் பெற வேண்டும். அதற்கான தரம் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. அமெரிக்காவில் 1990-இல் நீதிமன்றம் வரை போன கேள்விக்கு இங்கே விதி எழுதப்பட்டுவிட்டது. ஆனால் முறுக்கு விற்கும் ஒரு சிறு கடைக்காரர் அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பாரா? பார்க்காமல் வாங்கினால் அதிக விலையும் அவருக்கு, அபராதமும் அவருக்கு.

ஆகவே 'இது மாவில் செய்தது' என்று யாராவது ஒரு பையை நீட்டினால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: மாவோடு கலந்திருக்கும் மற்றது என்ன? எவ்வளவு மாவு என்பது இரண்டாவது கேள்விதான். பாலித்தீனா, பி.வி.ஏ.வா, பி.பி.ஏ.டி.யா என்பதைப் பொறுத்து அந்தப் பை மண்ணாகுமா, நொறுங்கிக் கிடக்குமா என்பது முடிவாகும். அரை நூற்றாண்டு ஆய்வும் வழக்கும் சொல்லித் தந்த பாடம் அதுவே.

பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளருக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. தன் கஞ்சியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது அவர் வீட்டு அடுப்பில் காய்ச்சியது.